ஒரு வேளையும் தவறாமல்

உக்காருங்கக்கா, மூணு பேர் உக்கார்ற சீட்டுதான். பையை மடியில வச்சுக்கறேன். பாப்பா கால் உதைப்பா, சேலையை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கமா இழுத்து விட்டுக்கோங்க.

அவங்களா? அவங்க எந்திரிக்க மாட்டாங்க, நீங்க தாராளமா உக்காருங்க. பெரம்பலூர்ல வண்டி கிளம்பினதும் கண்ணை மூடினாங்க, பாடாலூர் வந்தும் தெறக்கல. எங்க அண்ணி. எங்க வீட்டுக்காரரோட கூடப்பொறந்த அக்கா. பவுனம்மான்னு பேரு. எங்க ஊர்ப் பக்கம் வந்து பவுனம்மான்னு சொல்லிப் பாருங்க, வெங்காயக் காட்டுல குனிஞ்சு நிக்கிற பொம்பளைங்க எல்லாம் நிமிந்து பாப்பாங்க. வெங்காயம் ஆயறதா, மக்காச்சோளம் ஒடிக்கிறதா, பருத்தி எடுக்கிறதா, எதுக்குன்னாலும் காட்டுக்காரங்க இவங்ககிட்டதான் வந்து ஆள் கேப்பாங்க. இவங்க ‘கிளம்பு’ன்னா ஒரு வண்டிப் பொம்பளைங்க கிளம்பும். ‘வேணாம்’னா ஒருத்தி நகர மாட்டா.

அவங்கதான் இப்ப என் தோள்ல தலையை வச்சுத் தூங்குறாங்க. நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலேருந்து இவங்க கை என் மேல பட்டதில்ல. பட்டா முதுகுலதான் படும். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

மெதுவாப் பேசுறேன். முழிச்சிருந்தாங்கன்னா நான் இப்படி வாயைத் தெறப்பேன்னு நெனைக்கிறீங்க? எனக்குப் பேச்சே வராதுக்கா. நாலு பேரு நிக்கிற எடத்துல தண்ணி கேக்கக் கூட வராது. அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க, எனக்குப் பின்னாடி பொறந்ததுகளைத் தூக்கிக்கிட்டு நிக்க ஆளு வேணும்னு. அண்ணி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ஊமைக்கோட்டான்பாங்க. ‘ஏ ஊமைக்கோட்டான், சோத்தை வடிச்சியா?’ ‘ஏ ஊமைக்கோட்டான், புள்ள அழுவுது பாரு.’ என் பேரு வெண்ணிலா. ஊருக்குள்ள பாதிப் பேருக்கு அது தெரியாது.

எங்க வீட்டுக்காரரு திருப்பூர்ல இருக்காரு. போன்ல பேசினா அவரும் முதல்ல ‘அக்காகிட்ட குடு’ம்பாரு. அதெல்லாம் குறையாச் சொல்லல. அம்மா அப்பா இல்லாம இவங்கதான அவரை வளத்தாங்க. இவங்க புருசன் பாதியில விட்டுட்டுப் போனப்பவும், இந்தத் தம்பியை வச்சுக்கிட்டுத்தான் வெங்காயக் காடு காடா உக்காந்தாங்க. உக்காந்து உக்காந்துதான் முட்டி போச்சு.

கோயிலுக்குத்தான் போறோம். சமயபுரத்துக்கு. நீங்க திருச்சியா? சரி சரி. நாங்க வெரதம் முடிக்கப் போறோம். மஞ்சச் சேலையைப் பாத்தாலே தெரியுமே. பச்சைப் பட்டினி வெரதம். ஆத்தா நமக்காகப் பட்டினி இருக்கான்னு நாமளும் இருக்கிறது. மாசிப் பூச்சொரியல்ல ஆரம்பிச்சது. அடுப்புல வெந்தது எதுவும் வாயில வைக்கக் கூடாது. பச்சரிசியை இடிச்சு வெல்லம் சேத்த துள்ளு மாவு, நீர்மோரு, பானகம், எளநி. எனக்குப் பால் குடிக்கிற புள்ள இருக்கிறதால நான் இருக்கல. அண்ணி மட்டும். அவங்க முட்டிக்காக அவங்களே வேண்டிக்கிட்டது. முட்டி நேரானா வெள்ளியில ஒரு கால் வாங்கிப் போடுறேன்னு.

நேராயிருச்சுக்கா! அதான் அதிசயம். இந்தக் கையில மூடி வச்சிருக்காங்க பாருங்க, வெள்ளிக் கால். பைக்குள்ள வைக்கச் சொன்னேன், கேக்கல. ‘ஆத்தா வாசல்லதான் இந்தக் கையைத் தெறப்பேன்’னுட்டாங்க.

என்ன வைத்தியம் பண்ணினீங்கன்னு கேக்குறீங்களா? அதை ஏன் கேக்குறீங்க. தை மாசம் வெங்காயம் புடுங்குறப்ப ஆரம்பிச்சது. சாயங்காலம் எந்திரிக்க முடியாம, ரெண்டு பொம்பளைங்க கக்கத்துல கை குடுத்துத் தூக்கினாங்க. முட்டி ரெண்டும் தேங்கா மாதிரி வீங்கிப் போச்சு. முதல்ல ரோட்டு முக்குக் கடையில செட் மாத்திரை வாங்கிப் போட்டாங்க. காகிதத்துல மடிச்சுத் தருவாங்கல்ல, கலர் கலரா, அது. போட்டா அன்னிக்குக் கேக்கும், மறுநாள் மறுபடி வலிக்கும். ஒருநாள் அடுப்படியில கால் மடங்கி விழுந்துட்டாங்க. அப்பதான் டாக்டர்கிட்ட போனோம். நான்தான் கூடப் போனேன். அவங்களுக்கு எழுத்து வராது, நான் எழுத்துக் கூட்டியாவது வாசிப்பேன்ல.

சின்ன வயசு டாக்டரம்மா. நல்ல மாதிரி. முட்டியை அமுக்கிப் பாத்து, படம் எடுத்துப் பாத்து, தேய்மானம், நீர் கோத்திருக்குன்னாங்க. ரெண்டு மாத்திரை எழுதினாங்க. ஒண்ணு குட்டி மாத்திரை, மஞ்சளா இருக்கும், அது சாப்பாட்டுக்கு முன்னாடி. இன்னொண்ணு வலி மாத்திரை, பெருசு, அது வயிறு நெறையச் சாப்பிட்டப்புறம். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ‘பாத்தும்மா, இது வலி கேக்குதுன்னு நீங்களா தொடந்து போடுற மாத்திரை இல்ல, இந்த அட்டை தீந்ததும் வந்து காட்டணும், ரத்தம் பாக்கணும், பி.பி. பாக்கணும்’னாங்க. கடையில வேற வலி மாத்திரை வாங்கி இதோட சேத்துப் போடக் கூடாதுன்னாங்க. அப்புறம் கடைசியா விரலை நீட்டி என்னமோ சொன்னாங்க. வயிறுன்னாங்க, உடனேன்னாங்க. அந்த நேரம் பாத்து பாப்பா வீல்னு கத்திட்டா. காதுல விழல.

திரும்பக் கேக்கலாம்தான். வெளிய வரிசை வாசப்படி வரைக்கும் நிக்குது. எனக்குக் கூச்சம். அண்ணி தலையை ஆட்டினாங்க, அவங்க கேட்டிருப்பாங்கன்னு நானும் ஆட்டிட்டேன். வெளிய வந்து, ‘கடைசியா என்ன அண்ணி சொன்னாங்க?’ன்னேன். ‘ஏன், நீ அங்கதான நின்ன, செவுடா?’ன்னாங்க. அதோட விட்டுட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு வீட்டுக்கு வந்து, சுருக்குப் பையைத் தெறந்து வெத்தலையெல்லாம் கொட்டிட்டு, மாத்திரை அட்டையை உள்ள போட்டு என் கையில குடுத்தாங்க. ‘இது உன் பொறுப்பு. வேளைக்கு வேளை நீதான் எடுத்துக் குடுக்கணும். ஒரு வேளை தவறுச்சு, தொலைச்சுருவேன்.’ அக்கா, சாவிக்கொத்து குடுத்த மாதிரி இருந்துச்சு எனக்கு. இந்த வீட்டுல உப்பு ஜாடி கூட என் பொறுப்புன்னு யாரும் சொன்னதில்ல. இந்தா இருக்கு பாருங்க, இடுப்புலேயே வச்சிருக்கேன். குளிக்கப் போனாக் கூடக் கொடியில போட்டுட்டு ஒரு கண்ணு இதும்மேல வச்சிருப்பேன்.

நாலஞ்சு நாள்ல வீக்கம் வத்திருச்சு. ஒரு வாரத்துல காட்டுக்குப் போயிட்டாங்க. நடந்து! பொம்பளைங்க எல்லாம், ‘ஏ பவுனு, கொமரி மாதிரி நடக்குற, மறுகல்யாணம் ஏதும் பேசி வச்சிருக்கியா?’ன்னு கிண்டல். அண்ணி, ‘எங்க வீட்டு ஊமைக்கோட்டான் கையால மாத்திரை வாங்கித் தின்னு பாருங்கடி, நீங்களும் நடப்பீங்க’ன்னாங்களாம். என்னைப் பத்தி! காட்டுல! அத்தனை பேரு முன்னாடி!

அட்டை தீந்துச்சா? தீந்துச்சு. டாக்டர்கிட்ட போகணும்னு நான் சொன்னேன்க்கா, சொல்லாம இல்ல. மெதுவாத்தான் சொன்னேன். ‘நடக்கிறவளுக்கு எதுக்குடீ டாக்டரு?’ன்னுட்டாங்க. தீந்த மறுநாளே முட்டி பழையபடி பிடிச்சுக்கிச்சு. மெடிக்கல்ல காலி அட்டையைக் காட்டினேன், அதே மாதிரி குடுத்துட்டாங்க. அங்க ஒண்ணும் கேக்கறதில்ல. அட்டையைக் காட்டினாப் போதும், பேசவே வேணாம். எனக்கு அது சௌகரியம்.

அப்புறம் வெரதம் வந்துருச்சு. அங்கதான் எனக்குக் கொஞ்சம் குழப்பம். காப்பு கட்டின மறுநாள் காலையில வழக்கம்போலக் குட்டி மாத்திரையைக் கொண்டு போய் நீட்டினேன்.

‘இது எப்பப் போடுறது?’ன்னாங்க.

‘சாப்பாட்டுக்கு முன்னாடி, அண்ணி.’

‘நான் சாப்பிடப் போறேனா?’

‘இல்ல.’

‘சாப்பாடே இல்லாதவளுக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற மாத்திரை எதுக்குடீ? தூக்கி அங்கிட்டு வையி.’

நெசந்தானன்னு எனக்கும் பட்டுச்சு. ‘அப்ப சாப்பாட்டுக்குப் பின்னாடி போடுறது?’ன்னேன்.

‘அது வலிக்குப் போடுறது. வலி என்ன வெரதமா இருக்குது?’

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவங்களும் சிரிச்சாங்க. ரெண்டு பேரும் சேந்து சிரிச்சது அன்னிக்குத்தான். குட்டி மாத்திரை அட்டை அப்படியே கிடக்கு, சுருக்குப் பைக்குள்ளயே, அன்னிலேருந்து ஒண்ணு கூடப் பிரிக்கல. வேணும்னா பாருங்க.

நீங்க ஏன்க்கா அப்படிப் பாக்குறீங்க? வெறும் வயித்துல குடுக்கல. நீர்மோர் குடுத்துட்டுத்தான் குடுப்பேன். சில நாள் அதுவும் வேணாம்பாங்க, ஒரு வாய்த் தண்ணி.

வெயில் ஏற ஏற வேலையும் ஏறிருச்சு. ராத்திரி வரைக்கும் தாங்கலன்னு, மத்தியானத்துக்கு முக்குக் கடைச் செட் மாத்திரையையும் சேத்துக்கிட்டாங்க. டாக்டரம்மா சேக்கக் கூடாதுன்னாங்களேன்னு சொன்னேன். ‘அது ஒரே நேரத்துல சேக்கக் கூடாதுடீ. இது மத்தியானம், அது காலையில. நடுவுல எவ்வளவு பொழுது கிடக்கு?’ன்னாங்க. அவங்க எவ்வளவு காடு பாத்தவங்க, எத்தனை பேரைக் கட்டி மேய்ச்சவங்க. நான் என்னத்தைக் கண்டேன்?

வயிறு எரியுதுன்னாங்களான்னா? சொன்னாங்க. நெஞ்சுக்குக் கீழ இந்த எடத்துல மொளகாய் அரைச்சுத் தேச்ச மாதிரி இருக்குன்னாங்க. பட்டினி வயிறு எரியத்தான செய்யும்க்கா. எளநி வெட்டிக் குடுத்தேன், அடங்கிரும். மறுபடி எரியும். மறுபடி எளநி. வெரதம்னா சும்மாவா?

கால் பாதம் வீங்குச்சு. அது நடக்கிறதால. ஒண்ணுக்குச் சரியாப் போகலன்னாங்க. அது வெயிலு. மொகம் வெளுத்துப் போச்சு. மஞ்சப் பூசின மாதிரி, மெழுகு மாதிரி. தெருவுல பாக்கிறவங்க எல்லாம், ‘பவுனு மொகத்துல ஒரு களை வந்துருச்சு பாரு, ஆத்தா எறங்கியிருக்கா’ன்னாங்க. நான் கூட ரெண்டு மூணு தடவை அப்படியே நின்னு பாத்திருக்கேன். அவங்க முகம் அவ்வளவு சாந்தமா இருந்து நான் பாத்ததில்ல. திட்டுறதைக் கூடக் கொறைச்சுட்டாங்க. கொரலு எழும்பல. ‘வெண்ணிலா, தண்ணி’ம்பாங்க. வெண்ணிலாவாம்! சாமி வெரதம் மனுசங்களை எப்படி மாத்துதுன்னு நெனச்சுக்குவேன்.

அப்புறம் போன வாரம் ஊர்ல தீச்சட்டி எடுத்தாங்க. மேளம் அடிக்கவும் அண்ணி எந்திரிச்சு நின்னாங்க. நின்னவங்க அப்படியே ஒரு சுத்து சுத்தி, கண்ணு மேல சொருகி, கீழ விழுந்துட்டாங்க. கூட்டமே கொலவை போட்டுச்சு. சாமி வந்துருச்சு, பவுனுக்குச் சாமி வந்துருச்சுன்னு வேப்பிலை அடிச்சு, மஞ்சத் தண்ணி ஊத்தி, காலைத் தொட்டுக் கும்பிட்டாங்க. ‘ஆத்தா, இந்த வருசம் மழை உண்டா?’ன்னு பெரியவரு ஒருத்தரு குனிஞ்சு கேக்குறாரு. அண்ணி கண்ணைத் தெறக்காம, ‘இருட்டா இருக்குது’ன்னு மட்டும் சொன்னாங்க. இருட்டுன்னா மேகம்னு சொல்லி எல்லாரும் சந்தோசமாப் போனாங்க.

எனக்கு அன்னிக்குத்தான் முதமுதல்லக் கொஞ்சம் பயம். கையைப் பிடிச்சேன், ஜில்லுன்னு இருந்துச்சு. சாமி வந்தா உடம்பு கொதிக்கும்பாங்க, இவங்களுக்கு ஏன் ஜில்லுன்னு இருக்குன்னு தோணுச்சு. யாருகிட்ட கேக்கிறது? கேட்டா, ‘இவ யாருடீ சாமியைச் சோதிக்க வந்தவ’ம்பாங்க.

மறுநாள் நானா ஒரு வேலை பண்ணினேன். யாரும் சொல்லாம, என் புத்தியில. பாப்பா பொறந்தப்ப எனக்கு நர்ஸம்மா சத்து மாத்திரை குடுத்தாங்க, ரத்தம் ஊறுறதுக்கு. அதுல மிச்சம் இருந்துச்சு. அண்ணிக்கு அதைக் குடுத்தேன். வாங்கிப் போட்டுக்கிட்டாங்க.

ரெண்டு நாள் கழிச்சு, கொல்லைக்குப் போயிட்டு வந்தவங்க படியில உக்காந்துக்கிட்டு, ‘வெண்ணிலா, வெளிய கறுப்பாப் போவுதுடீ, தார் மாதிரி’ன்னாங்க. வாய்விட்டுச் சொல்றவங்க இல்லக்கா அவங்க. பயந்துட்டாங்க. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ஏன்னா அது எனக்குத் தெரியும்! எனக்கும் அப்படித்தான போச்சு. சத்து மாத்திரை போட்டா கறுப்பாத்தான் போகும், பயப்படாதன்னு அந்த நர்ஸம்மாவே சொல்லியிருக்காங்க. ‘ஒண்ணும் இல்லைங்க அண்ணி, அது சத்து மாத்திரை, இரும்புச் சத்து, அப்படித்தான் போகும்’னு நான் சொன்னேன். நான்! அவங்க என் மூஞ்சியையே பாத்தாங்க. ‘உனக்கு இம்புட்டுத் தெரியுமாடீ’ன்னாங்க. அந்த ஒரு வார்த்தை போதும்க்கா எனக்கு, இந்த ஜென்மத்துக்கு.

என்ன கேட்டீங்க? சத்து மாத்திரை குடுத்ததுக்கு அப்புறம்தான் கறுப்பாப் போச்சா, அதுக்கு முன்னாடியேவான்னா? அப்புறம்தான். நான்தான குடுத்தேன், எனக்குத் தெரியாதா.

இருங்க.

தீச்சட்டி அன்னிக்குக் காலையில என்னமோ சொன்னாங்க. கொல்லையிலேருந்து வந்து, ‘என்னடீ இது, கரியைத் தின்ன மாதிரி’ன்னு. நான் பாப்பாவுக்குத் துணி மாத்திக்கிட்டிருந்தேன், காதுல வாங்கிக்கல. சத்து மாத்திரை குடுத்தது மறுநாள்... தீச்சட்டிக்கு மறுநாள்தான். முன்னபின்ன மாத்திச் சொல்றேனோ என்னமோ. ராத்திரியெல்லாம் பாப்பா தூங்க விடறதில்ல, கணக்கே நிக்கிறதில்ல எனக்கு. அதை விடுங்கக்கா.

இன்னிக்குப் பாருங்க, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல வாந்தி எடுத்துட்டாங்க. வெயில்ல நின்னது. காலையில பானகம் குடிச்சாங்க, கறுப்பு வெல்லம் போட்டுக் கரைச்சது, அதான் அப்படியே திரும்பி வந்துருச்சு. கறுப்பாத்தான் இருந்துச்சு, காப்பித்தூளை வடிகட்டிக் கொட்டின மாதிரி திப்பித் திப்பியா. வெல்லத்துல மண்ணு இருந்திருக்கும். கடைக்காரன் என்னத்தைக் கலக்குறானோ. நல்லவேளை, மாத்திரை எல்லாம் அப்பவே செரிச்சிருக்கும், வீணாயிருக்காது.

இன்னிக்கு மாத்திரையா? காலையில எந்திரிச்சதும் ஒண்ணு. பஸ்ஸுல முட்டி மடங்கியே இருக்குமேன்னு இன்னொரு செட்டு முக்குக் கடையில வாங்கி வச்சிருக்கேன். நேரமாச்சு, இந்தா, எழுப்பிக் குடுத்துடணும். அண்ணி. அண்ணி, மாத்திரை.

அக்கா, என்னக்கா பண்றீங்க? கையை விடுங்க. கொட்டிரும்க்கா. அது அண்ணி மாத்திரை, எதுக்கு உங்க பையில போட்டுக்கிறீங்க?

இருங்க, என்னமோ கீழ விழுந்துச்சு. டிங்னு. வெள்ளிக் கால்! ஐயையோ, அண்ணி கை தெறந்துருச்சு போலிருக்கு. அவங்க தெறக்க மாட்டேன்னாங்களே. வாசல்லதான் தெறப்பேன்னாங்களே. பாப்பாவைக் கொஞ்சம் பிடிங்கக்கா, சீட்டுக்கு அடியில உருண்டுருச்சு. அண்ணே, காலைக் கொஞ்சம் தூக்குங்க. இந்தா, கிடைச்சுருச்சு. முட்டிகிட்ட லேசா நசுங்கிருச்சு. பரவால்ல, ஆத்தா கோவிச்சுக்க மாட்டா.

நீங்க ஏன் அண்ணி கண்ணை இழுத்துப் பாக்குறீங்க? எழுப்பாதீங்கக்கா, கோயில் வர்ற வரைக்கும் மாத்திரைக்குத் தவிர யாரும் எழுப்பக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நாக்கு வெள்ளையா? வெரதம்க்கா. வேர்வையா? ஜன்னல் ஓரம், வெயில் அடிக்குது. நாடி... நாடியெல்லாம் எனக்குப் பாக்கத் தெரியாதே.

நீங்க நர்ஸா?

இல்லையா. பின்ன எப்படித் தெரியும் உங்களுக்கு?

யாருக்கு? உங்க வீட்டுக்காரருக்கா? அவருக்கும் முட்டி வலிதானா? இதே மாத்திரையா?

அப்புறம் என்ன ஆச்சு அவருக்கு?

அக்கா, ஏன் கண்டக்டரைக் கூப்பிடுறீங்க?

ரத்தமா? இல்லக்கா, அது கறுப்பு. ரத்தம் செவப்பால்ல இருக்கும். வயித்துக்குள்ள ஒழுகினா கறுப்பாயிருமா? வாந்தியுமா? அது வெல்லம்க்கா. நான்தான் கரைச்சேன். நான்தான்...

சத்தம் போடாதீங்கக்கா, எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. ரோட்டோரத்துல பெரிய ஆஸ்பத்திரி இருக்கா? எறக்கணுமா? அவங்க சொல்லாம நான் எப்படிக்கா எறக்குவேன்? ஒரு மாசம் பட்டினி இருந்திருக்காங்க, இன்னும் கொஞ்ச தூரந்தான், கோபுரம் தெரிஞ்சுரும். வாசலை மிதிக்காமத் திரும்பினா வெரதம் கலைஞ்சிரும். முழிச்சதும் என்னைத்தான் கேப்பாங்க, ‘யாரைக் கேட்டுடீ எறக்கினே’ன்னு. எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேக்கட்டுமா? எடுக்க மாட்டாரு, மெசின்ல நிப்பாரு.

கண்டக்டர் வர்றாரு. என்னைக் கேக்குறாரு. என்னை ஏன் கேக்குறாரு? ‘கூட வந்தது நீதானம்மா, நீ சொல்லு, நிறுத்தவா வேணாமா, ஆஸ்பத்திரி தாண்டப் போவுது.’ நீங்க சொல்லுங்கக்கா. நீங்களே சொல்லுங்க. எனக்குப் பேச்சு வராதுன்னு சொன்னேன்ல.

அண்ணி. அண்ணி, எந்திரிங்க. நான் வெண்ணிலா. ஊமைக்கோட்டான். ஒரு தடவை திட்டுங்க அண்ணி. கண்ணைத் தெறந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திட்டுங்க, நான் பேசாம உக்காந்துக்கறேன்.

திட்டலக்கா.

அண்ணே, நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க! நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!

என் கொரலாக்கா இது?

ஆங், பிடிங்கண்ணே, கக்கத்துல கை குடுங்க, மெதுவா. முட்டியை மடக்காதீங்க, அவங்களுக்கு முட்டி வலி. இல்ல, இப்ப வலி இல்ல, வலி போயிருச்சு, இருந்தாலும் மடக்காதீங்க. அக்கா, பாப்பாவை விட்டுராதீங்க, நீங்களும் கூட வாங்க. எனக்கு உள்ள போய்ப் பேசத் தெரியாது. என்ன மாத்திரைன்னு கேப்பாங்கல்ல, இந்தாங்க சுருக்குப் பை, எல்லாம் இதுல இருக்கு. மத்தியான மாத்திரை உங்க பையில இருக்கு, அதையும் காட்டிருங்க.

அப்புறம்க்கா, அவங்க கேட்டாங்கன்னா நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் அண்ணியைக் கவனிக்காம விடல. வேளைக்கு வேளை என் கையாலதான் குடுத்தேன். ஒரு வேளை கூட, சத்தியமா ஒரு வேளை கூடத் தவறவிடல.